வெர்னேட்டாவின் இரண்டாவது பஞ்ச்

பழச்சாறும் ரம்மும் கலந்து மூன்று தடவை வடிகட்டிய பஞ்ச்சில் ஆரஞ்சு விதை எப்படி வரும்? வெர்னேட்டா கிட்டன்ஸ் கரண்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, விதைதான். புதன்கிழமை மத்தியானம் தன் கையால் சல்லடையில் இரண்டு தடவை, மெல்லிய துணியில் ஒரு தடவை வடித்து, இரண்டு எனாமல் அண்டாக்களில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, ஹோல்டர் வீட்டுப் பின்கொட்டகையில் ஊறட்டும் என்று விட்டுப் போயிருந்தாள். இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஹோல்டர் வீட்டுப் பெண்ணின் கல்யாண விருந்து. இருநூறு பேர்.

துணியின் முடிச்சையும் பார்த்தாள். அவள் போடுவது இரட்டை முடிச்சு, நுனி இடப்பக்கம் வரும். இப்போது நுனி வலப்பக்கம் கிடந்தது.

"எவளோ கை வெச்சிருக்கா" என்று அண்டாவிடமே சொன்னாள்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருஷமாகவே இந்தக் கூத்து நடக்கிறது. ஒரு ஞானஸ்நான விருந்தில் பஞ்ச் ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது. பஞ்ச் வெல்லப்பாகு இல்லை, தானாகப் பொங்குவதற்கு. இன்னொரு வீட்டில், அவள் நூல் கட்டிப் போட்ட கிராம்புப் பொட்டலம் நூலோடு மாயமாகிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் உடனே கேள்வி வரும். யாரோ எதையோ கலந்தார்கள் என்றால், ருசி பார்த்தபோது உனக்குத் தெரியவில்லையா என்பார்கள். அந்தக் கேள்வி மட்டும் அவளுக்கு ஆகாது.

ஏனென்றால் வெர்னேட்டாவுக்கு வாசனை தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஊரெல்லாம் வந்த காய்ச்சல் அவளுக்கும் வந்தது. ஒரு வாரம் படுத்தாள். எட்டாம் நாள் எழுந்து முகம் கழுவினாள், சோப்பு மணக்கவில்லை. காபி வெந்நீராக இறங்கியது. ரம் பாட்டிலைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதவள், அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு ஈ எறும்பிடம்கூட வாய் திறக்கவில்லை.

நாக்கு மட்டும் மிச்சம் இருந்தது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பஞ்ச் அந்த நாலோடு முடிகிற சமாச்சாரமா? அன்னாசி ஒரு நாள் கூடுதலாகப் பழுத்துவிட்டதா, ஜாதிக்காய் உளுத்துவிட்டதா, கிராம்பு அத்துமீறுகிறதா, எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். பார்படோஸ் தீவின் வடகோடியில், செயின்ட் லூசி வட்டாரத்தில், இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம், கருமாதி, எதுவானாலும் "பஞ்ச் யாரு? கிட்டன்ஸ் அம்மாவா? அப்ப வர்றோம்" என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் மாக்கரோனி கிளறுகிற கிட்டன்ஸ் அம்மாளை யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை பஞ்ச் அண்டாவுக்குப் பின்னால் நிற்கிற கிட்டன்ஸ் அம்மாளைத்தான் ஊருக்குத் தெரியும். மூக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் அவளும் போய்விடுவாள்.

அதனால் கணக்காகவே கலந்தாள். கையளவு, கண்ணளவு, நிமிஷக் கணக்கு. விருந்தில் கண்கொத்திப் பாம்பாக முகங்களைப் பார்ப்பாள். முதல் வாய் குடித்ததும் புருவம் எங்கே போகிறது, உதடு என்ன செய்கிறது என்று. எல்லாரும் குடித்தார்கள். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. "எப்பவும்போல அமிர்தம், மிஸ் வெர்னா" என்றார்கள். அவள் அதையும் நம்பவில்லை. கிண்டல் பண்ணுகிறானோ, பரிதாபப்படுகிறாளோ, தெரிந்துகொண்டே சொல்கிறார்களோ என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துப் புரளுவாள்.

விதையைக் கைக்குட்டையில் முடிந்தாள். கொட்டகை மூலையில் வாடகை நாற்காலிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் போய் நின்றாள். அறுபத்தோரு வயதில் ஒளிந்துபிடித்து விளையாடுவதாக யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. தோன்றட்டும். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் மனதில் இருந்தது.

அயாந்தி மேயர்ஸ். பக்கத்து வீட்டுக்காரி. வெர்னேட்டாவுக்கு முன்னால் இந்த வட்டாரத்துக்கே பஞ்ச் கலக்கியவள் அவள்தான். ஒரு ஈஸ்டருக்கு அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள, அவளுக்குப் பதிலாக வெர்னேட்டா போனாள். அதற்குப் பிறகு யாரும் அயாந்தியைப் பஞ்ச்சுக்குக் கூப்பிடவில்லை. அவள் விருந்துகளுக்கு, ரம்மில் ஊறிய பழம் போட்ட கறுப்புக் கேக் செய்து கொடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் வேலிமேல் நிற்கிற சீமைப்பலா யாருடையது என்று ஒரு சண்டை. எட்டு வருஷமாக நேருக்கு நேர் பேச்சு இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி கோழியைத் திட்டுவாள், அந்தப் பக்கம் மற்றவள் ஆட்டைத் திட்டுவாள். கோழிக்கும் ஆட்டுக்கும் தெரியும், திட்டு தங்களுக்கு இல்லை என்று. அதே அயாந்திதான் இந்தக் கல்யாணத்துக்கும் மூன்று அடுக்குக் கேக். நேற்றே கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, மேலே தட்டு மூடிய ஒரு ஜாடியோடு, அயாந்தி உள்ளே வந்தாள். திரும்பிப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சின்ன ஸ்பூனால் எடுத்து நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தாள். அண்டாவுக்குள் கைவிட்டுக் கிராம்புப் பொட்டலத்தை எடுத்துப் பிழிந்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். அப்புறம் ஜாடியைத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தாள்.

வெர்னேட்டா வெளியே வந்த வேகத்தில் நாலு நாற்காலி சரிந்தது.

"ஊத்துடி, ஊத்து. ஏன் நிறுத்திட்டே? எட்டு வருஷமா நெஞ்சுல வெச்சிருக்கறதை எல்லாத்தையும் ஊத்திடு."

சத்தம் கேட்டு வீடே வந்துவிட்டது. பெண்ணின் அம்மா எர்லீன் ஹோல்டர் தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு வந்தாள். அவளுடைய தம்பி டகோஸ்டா, மினிபஸ் ஓட்டுகிறவன், ஒரு கையில் மீன் கட்லெட்டோடு வந்தான். மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ என் பஞ்ச்சுல கை வெச்சுட்டா. கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். அந்த ஏப்ரன் பையைப் பாரு, எர்லீன். எடுத்ததும் இருக்கு, போட்டது என்னன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றாள் வெர்னேட்டா.

"மிஸ் மேயர்ஸ், என்ன இது? என்னத்தை ஊத்தினீங்க?" என்று எர்லீன் கேட்டாள்.

அயாந்தி வெர்னேட்டாவைப் பார்த்தாள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஏதோ வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தபோது மூடிக்கொண்டாள்.

"ஆரஞ்சுச் சாறு" என்றாள் கடைசியில்.

"எதுக்கு?"

"தோணுச்சு. ஊத்தினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாயில் கொழுக்கட்டையா என்று வெர்னேட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றமில்லாதவள் இப்படியா நிற்பாள்? வாசலில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் "செய்வினை" என்றாள். அது மெதுவாகச் சொன்னதுதான், ஆனால் கொட்டகை சின்னது.

"இதை யாரும் தொடக்கூடாது. கீழே கொட்டணும்" என்றாள் வெர்னேட்டா.

டகோஸ்டாவுக்கு மீன் கட்லெட் தொண்டையில் நின்றது. "இருங்க மிஸ் வெர்னா, இருங்க. பன்னெண்டு கேலன். நான் ஒரு கிளாஸ் குடிச்சுப் பாக்கறேன். செத்துட்டா கொட்டிருங்க."

"நீ செத்தா பொண்ணு மாப்பிள்ளையை யாருடா பஸ்ல கூட்டிட்டு வர்றது? போடா அந்தப் பக்கம்" என்றாள் எர்லீன். பிறகு அயாந்தியிடம் திரும்பினாள். அவள் குரல் மாறியிருந்தது. "நீங்க வீட்டுக்குப் போங்க, மிஸ் மேயர்ஸ். சாயங்காலம் வர வேண்டாம்."

"கேக்?"

எர்லீன் வாசலைக் காட்டினாள். அயாந்தி ஜாடியை எடுத்துக்கொண்டாள். போகும்போது வெர்னேட்டாவின் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று வெர்னேட்டா பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். அயாந்தி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். பன்னிரண்டு கேலன் பஞ்ச்சையும் வேலியோரத்தில் கொட்டினார்கள். டகோஸ்டா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வீட்டுக்குள் மூன்று அடுக்குக் கேக்கின்மேல் யாரோ ஒரு மேஜைவிரிப்பைப் போட்டு மூடினார்கள்.

மணி பதினொன்று. நாலு மணிக்கு விருந்து. ரம் பாட்டில்கள் இருந்தன, அன்னாசியும் கொய்யாவும் கூடைகூடையாக இருந்தன. ஊற நேரம் இல்லை, போகட்டும், ரம்மைக் கொஞ்சம் தூக்கி விட்டால் ஊறாத குறையை மறைத்துவிடும். ஆனால் அந்த அண்டாக்களில் கலக்க வெர்னேட்டாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவள் என்ன தடவி வைத்திருக்கிறாளோ.

"எர்லீன், வேற பாத்திரம் வேணும். பெருசா."

"பெருசுக்கு எங்க போவேன்? வெள்ளை வாளிங்கதான் ஆறு இருக்கு. ஜனவரியில பன்னிவால் வாங்கினது. நல்லாத் தேச்சு வெயில்ல போட்டுத்தான் வெச்சிருக்கேன். ஆனா மோந்து பாத்துக்குங்க, மிஸ் வெர்னா. அந்த உப்புப்போட்ட பன்னிவால் நாத்தம் லேசுல போகாது."

எந்த வீட்டில்தான் அந்த வாளி இல்லை? உப்புநீரில் ஊறிய பன்றிவால் தீர்ந்ததும், தண்ணீர் பிடிக்க, பட்டாணி ஊறவைக்க, பூச்செடி வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். சில வாளி ஆறு மாசத்தில் சாதுவாகிவிடும். சில வாளி ஆயுசுக்கும் பன்றியாகவே இருக்கும். எது எப்படி என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு, தலையை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுக்க வேண்டும்.

எர்லீன் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்னேட்டா முதல் வாளியைத் தூக்கி முகத்தை உள்ளே விட்டாள். இரண்டாவது. மூன்றாவது. ஆறையும் அப்படியே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. யாராவது ஒருத்தியைக் கூப்பிட்டு நீயும் பார் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பாள். காலையில் இத்தனை கலாட்டாவுக்குப் பிறகு அந்த ஏன் எங்கே போய் முடியும்?

"சுத்தமா இருக்கு" என்றாள்.

வீடு முழுக்க மீன் பொரிக்கிற புகை. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டார்கள். உதவிக்கு இருக்கிறேன் என்ற இரண்டு பெண்களையும் வெர்னேட்டா வெளியே அனுப்பிக் கொட்டகைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இனிமேல் ஒரு கை இதில் படாது. அன்னாசியைச் சீவினாள், ஆரஞ்சைப் பிழிந்தாள், பாகு காய்ச்சினாள். எண்ணி எண்ணி எலுமிச்சைச் சாறு விட்டாள். ஜாதிக்காயை இருபது இழுப்பு துருவினாள். ரம்மை ஆறு வாளிக்கும் தாராளமாகச் சரித்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனிப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, தொண்டையில் நெருப்பும் இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, இது முழுக்க என் பஞ்ச் என்று நிம்மதியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாலரை மணிக்குப் பந்தலில் இடமில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் தலைமேஜையில் உட்கார்ந்தார்கள். தட்டு ஏந்திய பெண்கள் வாளிகளிலிருந்து மொண்டு கண்ணாடிக் கிளாஸ்களில் நிரப்பினார்கள். ஒருத்தி தட்டைத் தூக்கும்போது மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். வெர்னேட்டா அதைப் பார்த்தாள். ஜலதோஷமாக இருக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து பேசினார், கிளாஸ்கள் உயர்ந்தன, இருநூறு பேரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் குடித்தார்கள்.

வெர்னேட்டா முகங்களைப் பார்த்தாள்.

ஒரு புருவம்கூட இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பாதிரியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மேஜையிலும் கிளாஸ்கள் டக் டக்கென்று இறங்கின, முக்கால் நிறைவோடு. வாழ்நாளில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காத டகோஸ்டா தன் கிளாஸை மேஜைமேல் வைத்து, விரலால் தள்ளித் தூரமாக வைத்தான்.

"மிஸ் வெர்னா, தப்பா நினைக்காதீங்க. பன்னிவாலை இதுலதான் வேக வெச்சீங்களா?"

ஒரு மேஜை சிரித்தது. அப்புறம் பந்தலே சிரித்தது. பெண் மட்டும் சிரிக்கவில்லை, அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எர்லீன் ஒரு கிளாஸை எடுத்து மோந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அவதான்" என்றாள். "அயாந்திதான். காலையில அண்டால போட்டவ, வாளிலயும் எதையோ தடவிட்டுத்தான் போயிருக்கா. மிஸ் வெர்னா ஆறு வாளியையும் மோந்து பாத்தாங்க, நான் பக்கத்துலயே நின்னேன். சுத்தமா இருந்துச்சு. இது சாதாரண வேலை இல்ல."

சிரிப்பு நின்றது. தலைகள் ஆடின. ஆமாம், அவளாகத்தான் இருக்கும். அந்தக் கேக்கை எடுத்து வெளியே போடுங்கள் என்று ஒரு குரல். இனி அவளை எந்த வீட்டுக்குள்ளும் விடக்கூடாது என்று இன்னொரு குரல். மேஜைக்கு மேஜை அந்தப் பெயர் ஓடியது. வெர்னேட்டாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை இப்போது. பாவம் என்று பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஊரே அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக எந்த விருந்திலும் ஒரு கிளாஸ் மிச்சமானதில்லை. அந்த விருந்துகளில் எல்லாம் எவளோ ஒருத்தி திருட்டுத்தனமாக வந்து கை வைத்திருந்தாள். ஞானஸ்நானம், அறுபதாம் பிறந்தநாள், கருமாதி, எல்லாவற்றிலும் கறுப்புக் கேக் இருந்தது. அந்தக் கை படாமல் அவள் கலக்கிய பஞ்ச் இது ஒன்றுதான். இருநூறு கிளாஸ் அப்படியே நிற்கிறது. காலையில் அயாந்தி வாயைத் திறந்து மூடினாளே, அந்த வாயில் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்தது. அவமானத்தில் வெர்னேட்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அயாந்திமேல் கோபம்கூட வந்தது. இப்படி ஒரு கடனை யார் கேட்டார்கள்?

"அவ இல்ல" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. ஒரு காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றாள். "எர்லீன், அவ இல்ல. நான்தான்."

"என்ன மிஸ் வெர்னா சொல்றீங்க?"

"எனக்கு மோப்பம் கிடையாது. காய்ச்சல்ல போயிடுச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"என் கண்ணு முன்னாலதானே மோந்து பாத்தீங்க?"

"தலையை விட்டேன். அவ்வளவுதான்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா நீங்க குடிச்சு நல்லா இருக்குன்னது என்னுது இல்ல. அவ சரி பண்ணி வெச்சது. அந்தக் கேக் மேல இருக்கற துணியை எடுங்க."

வெர்னேட்டா வாளியிலிருந்து இறங்கி, பந்தலைத் தாண்டி, தெருவுக்கு வந்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

அயாந்தி விருந்துக்கென்று தைத்த மஞ்சள் கவுனிலேயே வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். தொப்பி மடியில் இருந்தது. வெர்னேட்டா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும்" என்றாள்.

அயாந்தி படியைவிட்டு எழுந்தாள். "உனக்கு அறிவிருக்கா? அதைச் சொல்லிடக்கூடாதுன்னுதானே காலைல அத்தனை பேச்சையும் வாங்கிட்டு வந்தேன்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னால ஒரு நாள், உங்க வீட்டுல பால் தீஞ்சு தெரு முழுக்க நாறுது. நான் ஓடி வந்து வேலிக்கு மேல எட்டிப் பாக்கறேன். நீ அந்த அடுப்பு பக்கத்துலயே நின்னுக்கிட்டு பாட்டுப் பாடிட்டிருக்கே. அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்கற ஆளா? கோழியைத் திட்டுவே." அவள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "என் பஞ்ச்சை நீ பறிச்சே. சரி. பறிச்சதை நாசமாக்கிக் கொடுத்தா எனக்குப் பொறுக்குமா? எவ்வளவு ரம் மிச்சம் இருக்கு?"

"எட்டு பாட்டில்."

"எலுமிச்சை?"

"ஒரு கூடை."

"நட. இருட்டறதுக்குள்ள எதையாவது கலக்கலாம். அந்தப் பொண்ணு பாவம்."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். வெர்னேட்டா கொஞ்ச தூரம் நடந்தாள். அப்புறம் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அயாந்தி. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது, நீ கை வைக்கறதுக்கு முன்னாலயே, அது நல்லா இருந்துச்சா? ஒண்ணே ஒண்ணாவது?"

அயாந்தி நின்றாள். உண்மையாகவே யோசித்தாள், ஒவ்வொரு விருந்தாக.

"இல்ல, வெர்னா" என்றாள். "ஒண்ணுகூட இல்ல."

வெர்னேட்டா தலையை ஆட்டினாள். இரண்டு வருஷத்தில் தன் பஞ்ச்சைப் பற்றி ஒருவர் சொன்னதை அவள் நம்பியது அதுதான் முதல் தடவை.